பலகை மேல் ஏறிய கம்ப்யூட்டர்

போன ஐப்பசி மழையில் நடந்தது இது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் அன்று காலை இருந்தது மூன்றே பேர். தறியில் என் கணவர், கம்ப்யூட்டர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நான், அதைப் பழுது பார்க்க ஏனாத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் நனைந்தபடி வந்த ஒரு பெண். அதற்கு முன் அவளை நான் பார்த்ததில்லை. பக்கத்துத் தெருவில் கொடுத்த நம்பருக்குப் போன் செய்தேன், வந்துவிட்டாள்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பட்டுப்புடவை பார்டருக்கும் முந்தானைக்கும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டுத் தறியின் மேலே மாட்டினால்தான் புடவையில் மயிலும் மாங்காயும் விழும். இத்தனை வருடம் போட்ட டிசைன் அத்தனையும் அந்த ஒரே ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தது. வேறு எங்கும் காப்பி கிடையாது. அன்று சாயங்காலத்துக்குள் ஒரு முகூர்த்தப் புடவையின் பார்டரை வேறு முடித்துக் கொடுத்தாக வேண்டும்.

முந்தின நாள் காலையிலிருந்துதான் இந்தக் கோளாறு. ஒரு பைலைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்துக்கு நிறம் கொடுத்துவிட்டு அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வரலாம். நான் அணைத்து அணைத்துப் போட்டேன். விபூதிகூடப் பூசினேன். போச்சு, எல்லாம் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது.

வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பயப்படாதீங்கக்கா. கோளாறு இன்னான்னு அப்புறம் பாக்கலாம். முதல்ல உங்க டிசைன் எல்லாத்தையும் வெளிய எடுத்து வெச்சிடலாம். இனிமே சும்மா சும்மா ஆப் பண்ணி ஆன் பண்ணாதீங்க."

டிஸ்கைக் கழற்றி மேசைமேல் வைத்து, தன் லேப்டாப்பில் மாட்டி, தன் பையில் இருந்த இன்னொரு டிஸ்கில் எல்லாவற்றையும் காப்பி எடுத்தாள். ஆச்சரியம், அது மளமளவென்று ஓடியது. கடைசி பைல் ஏறும்வரை நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இருந்தேன்.

"டிஸ்க் நல்லாத்தான் இருக்குதுக்கா" என்றாள்.

திரும்ப உள்ளே மாட்டினாள். மறுபடி அதே ஆமை வேகம். ஒயரை மாற்றினாள். அதே கதை. "கடைசியா எதுனா மாத்தினீங்களா?" என்று கேட்டாள். ஒன்றுமே மாற்றவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். டிஸ்கின் வேகத்தைக் காட்டும் கோடு ஒன்றைத் திரையில் ஓடவிட்டாள். அது தரையோடு தரையாக ஊர்ந்தது.

அந்த நேரம் பார்த்து என் கணவர் டீ குடிக்கத் தறியை விட்டு எழுந்தார். "என்னாம்மா, உங்கக்கா கம்ப்யூட்டருக்கு உசுரு இருக்குதா, இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே டம்ளரை எடுத்தார். கோடு சட்டென்று மேலே ஏறியது. இரண்டு பேரும் திரையையே பார்த்தோம். டீ முடிந்தது, தறி ஓடியது, கோடு விழுந்தது.

"அண்ணா, கொஞ்சம் தறிய நிறுத்துங்க." நிறுத்தினார். ஏறியது. "இப்ப ஓட்டுங்க." விழுந்தது.

அவள் என் கையைப் பிடித்து, கம்ப்யூட்டர் பெட்டி இருந்த பலகைமேல் வைத்துத் தன் கையால் அழுத்தினாள். மழையில் நனைந்த சில்லிப்பு இன்னும் போகாத கை. தறி அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் பலகை அதிர்ந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழை பிடித்த அன்று, வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று பயந்து, பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி அந்தப் பலகையில் வைத்தவளே நான்தான். அந்தப் பலகை தறியின் மேல்மரத்தோடு சேர்த்து ஆணி அடித்தது. ஈரத்தில், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் நமுத்துப் போய்த் தறி இரண்டு மூன்று நாள் சும்மா கிடந்ததால் ஒன்றும் தெரியவில்லை. முந்தின நாள் தறி ஓட ஆரம்பித்ததும் டிஸ்க் தடுமாறியிருக்கிறது. இடம் மாற்றியதெல்லாம் ஒரு மாற்றமா என்று சொல்லாமல் விட்டிருக்கிறேன்!

"மழ வந்தா என்னியும் தூக்கிப் பலகை மேல வெச்சிடுவா இவ" என்றார் அவர்.

"அக்கா பயந்ததும் நியாயந்தாண்ணா. தண்ணி போயிருந்தா டிஸ்கே போயிருக்கும்" என்றாள் அவள். "உள் ரூம்புல ஒரு ஸ்டூல் மேல வெச்சா ரெண்டு பயமும் இல்ல. அதிர்வுலயே ஓடினா டிஸ்க் கெட்டுடும், அதான் விஷயம்." என்னைப் பார்த்து அவள் சிரிக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

உள்ளறையில் வைத்தோம். பழையபடி ஓடியது. விளக்கு வைப்பதற்குள் பார்டர் முடிந்து, அட்டை அடிப்பவரிடம் போய்ச் சேர்ந்தது. "புது டிஸ்க் போடணும்" என்று சொல்லியிருந்தால் பேசாமல் தலையாட்டியிருப்பேன், எனக்கு என்ன தெரியும்? அதற்குப் பதிலாக, காப்பி எடுத்த டிஸ்கையும், நான் வேறு ஒன்று வாங்கும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனாள்.

பயம் என்னைவிட்டுப் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் எது கெட்டாலும் இப்போது அழுவதற்கு முன் இருப்பதைப் பத்திரப்படுத்துகிறேன், கடைசியாக எதைத் தொட்டேன் என்று யோசிக்கிறேன். நெஞ்சு படபடக்கும் போதெல்லாம், பலகைமேல் என் கையை அழுத்திப் பிடித்த அந்தச் சில்லிட்ட கை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது.