பென்சிலால் அளந்த வீடு

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிறு காலை. இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருந்த பழைய ஓட்டு வீட்டின்மேல் வெயில் என்னமாய் விழுந்திருந்தது! கை பரபரத்தது. எதிர்ப்புறம் உட்கார்ந்து மளமளவென்று வரைந்தேன். கூரையின் உயரத்தைச் சரிபார்க்க, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை நீட்டிப் பிடித்தேன். வீட்டுக்கார அக்கா பாய்ந்து வந்தார்.

“இன்னா சார், ரோட்டை அகலமாக்க எங்க வூட்டை அளக்கிறியா?”

“ஐயோ, இல்லக்கா! படம் வரையறேன்.”

தாளை வாங்கி, வீட்டை ஒருமுறையும் படத்தை ஒருமுறையும் பார்த்தார்.

“முன்னாடி மதில் சுவரு எங்க?”

வாசலை மறைக்கிறதே என்று நான்தான் வரையாமல் விட்டிருந்தேன்.

“அளக்கலன்னு சொல்லிகினு, இடிச்சே முடிச்சிட்டியே சார்!”