கொண்டையில் செருகிய பேனா

கோலிக்குண்டு மேற்குச் சுவரை நோக்கி மெல்ல உருண்டு, மூலையில் போய் முட்டி நின்றது. "பாத்தீங்களா, ஓடுது" என்றார் அன்புக்கரசி. மேஸ்திரி ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். குமிழ் நடுவில்தான் இருந்தது. அன்புக்கரசி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குண்டை எடுத்து முந்தானையில் துடைத்து, அதே இடத்தில் மறுபடி வைத்தார். அது மறுபடி அதே மூலைக்குப் போனது. "மட்டம் உங்க பேச்ச கேக்குதுண்ணே. குண்டு யாரு பேச்சையும் கேக்காது." மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே தளத்தைக் கொத்தத் தொடங்கினார்.

இது நடந்தது செஞ்சி சுந்தராம்பாள் மருத்துவமனையில். என் முழங்காலை மூன்று வருடமாக அங்கேதான் காட்டி வருகிறேன். வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை? எதிர் அறையில் ஒரு பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தரையை மிதித்து மிதித்துப் பார்க்கிறார். ஒரு ஐந்து ரூபாய்க் காசால் சுவரையும் தரையையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். வாஸ்து பார்க்க வந்தவர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மேலாளர் விநாயகம் என்னைத் திருத்தினார். மருத்துவமனையின் பதினோரு வருட ஸ்கேன் படங்கள் எல்லாம் ஒரு பழைய கணினிப் பெட்டிக்குள் இருக்கின்றனவாம். அதன் எட்டு டிஸ்க் தட்டுகளில் இரண்டு ஏற்கெனவே செத்துவிட்டன. மூன்றாவது போனால் அத்தனை படமும் போச்சு. என் முழங்காலும் அதற்குள் இருப்பதால் எனக்கும் கவலை தொற்றிக்கொண்டது. அந்தப் படங்களை மாற்றி வைக்கச் சென்னையிலிருந்து ஆளுயர இரும்பு பீரோ போல ஒரு புதிய ஸ்டோரேஜ் வருகிறது. எடை தொள்ளாயிரம் கிலோ. அது வந்து நிற்பதற்கு ஓர் அறையைத் தயார் செய்து தருவது அன்புக்கரசியின் தொழில். தரை, கரண்ட், குளிர், காற்று எல்லாம் சரி என்று அவர் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லாரியிலிருந்து இயந்திரத்தை இறக்குவார்கள்.

அன்புக்கரசிக்கு வயது நாற்பத்து மூன்று. சொந்த ஊர் தொண்டூர். நைனா கல் உடைத்தார், அம்மா சித்தாள் வேலைக்குப் போனார். திண்டிவனத்தில் டிப்ளமோ, சென்னையில் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடம், இப்போது ஐந்து வருடமாகச் செஞ்சியில் இருந்துகொண்டு சொந்தமாக. காதில் ஒரு பென்சில், கொண்டையில் ஒரு நீல மூடிப் பேனா. அளவு குறிக்க, படம் போட, மேஸ்திரியோடு வாதாட எல்லாவற்றுக்கும் பென்சில்தான். பேனா கையெழுத்துக்கு மட்டும். வேலை முடிந்ததென்று அவருக்கே தோன்றும்வரை அது கொண்டையை விட்டு இறங்காது. "இருவத்திரண்டு ரூம் முடிச்சிட்டேன் சார். ஒரு லாரி திரும்பிப் போனதில்ல. முடிச்ச ரூம்ல ஒரு மெஷின் படுத்ததும் இல்ல" என்று சொல்லிவிட்டு என்னையே உற்றுப் பார்த்தார். நம்புகிறேனா என்று பார்க்கிறாராம்.

பாறை ஊரில் எர்த் குழி தோண்டுவது லேசான காரியமில்லை. கரண்டில் ஏதாவது கோளாறு என்றால் அதை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். அதற்கு மண் வேண்டும். முதல் குழி நான்கடியில் பாறையில் முட்டியது. இரண்டாவது மூன்றடியிலேயே. "செஞ்சியில கோட்டை கட்டுறது ஈசி சார். குழி வெட்டுறதுதான் ரோதன" என்றார். பிறகு ஒரு நாள் முழுக்கக் காம்பவுண்டுக்குள் வெறுங்காலில் சுற்றிவிட்டு, குடிநீர் இயந்திரத்தின் கழிவு நீர் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் குதிகாலை ஊன்றி நின்றார். அங்கே பத்தடிக்கு மண் இருந்தது.

அரிசி மூட்டைக் கதையையும் சொல்லியாக வேண்டும். இயந்திரம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, அவலூர்பேட்டை மண்டியிலிருந்து இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பங்கள் முப்பத்தாறு வந்து இறங்கின, இயந்திரத்தின் எடைக்குச் சரியாக. இயந்திரத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் ஓர் இரும்புச் சட்டம் அடித்து, அத்தனை சிப்பத்தையும் அதற்குள் அடுக்கி, கைவண்டியில் ஏற்றி வாசலில் இருந்து அறை வரைக்கும் இழுக்கச் சொன்னார். மருத்துவமனையில் இலவச அரிசி போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பி, அரை மணியில் ரேஷன் கார்டோடு பதினைந்து பேர் நின்றார்கள். விநாயகம் தலையில் கை வைத்துக்கொண்டார். எக்ஸ்ரே அறைத் திருப்பத்தில் ஒரு டைல் படீரென்று வெடித்தது. அன்புக்கரசிக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இன்னிக்கி உடைஞ்சா டைல்சு. அன்னிக்கி உடைஞ்சா மெஷினு. மேஸ்திரியண்ணே, இங்க வாங்க!"

இத்தனை பாடுபட்டவர், இயந்திரம் ஓடுவதை ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லையாம். உள்ளே என்ன இருக்கிறதென்றும் தெரியாதாம். ஏன் என்று கேட்டேன். "பந்தல் போடுறவரு தாலி கட்டுறத பாத்துக்கினா நிக்கறாரு? அடுத்த ஊருல கம்பு நட போயிடுவாரு."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வருவதாக ஏற்பாடு. அன்று காலை ஆறரைக்கே நானும் அங்கே இருந்தேன். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. அன்புக்கரசி வந்தார், செருப்பைக் கழற்றினார், அறைக்குள் ஓர் அடி வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

அறை பளபளவென்று இருந்தது. ஃபினாயில் வாசனை தூக்கியது. இயந்திரம் நிற்க வேண்டிய இடத்தில் அரிசி மாவில் அழகான எட்டுப் புள்ளிக் கோலம். மேலே ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் அந்த அறைக்கு இரண்டு தரை. கீழே சிமெண்டுத் தரை. அதன்மேல் முழ உயர இரும்புக் கால்களை நட்டு, சதுரப் பலகைகளை அடுக்கிய இன்னொரு தரை. நடுவில் உள்ள சந்தில்தான் கரண்டுக் கம்பிகள் ஓடும். கண்ணாடிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் பிடியை ஒரு பலகையில் ஒட்டித் தூக்கினார் அன்புக்கரசி. பலகை இடுக்குகள் வழியாக இறங்கிய தண்ணீர் கீழே விரற்கடை ஆழத்துக்கு நின்றது. கம்பிகள் உயரத்தில் இருந்ததால் நனையவில்லை. தண்ணீர் வெளியே போக வழியும் இல்லை. எலி வரக் கூடாது என்று சுவரடி ஓட்டையை அடைக்கச் சொன்னவரே அன்புக்கரசிதான்.

கழுவியது செல்லம்மாள். அந்த மருத்துவமனையில் பதினெட்டு வருடமாகக் கூட்டிப் பெருக்குகிறவர். ஓடி வந்த விநாயகம் காட்டுக் கத்தல் கத்தினார். "யாரைக் கேட்டு கழுவுன? போ, இனிமே வேலைக்கே வராத!"

செல்லம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா புது சாமான் வருதுன்னாங்க. தூசி ஒண்ணு இருக்கக் கூடாதுன்னு இந்தம்மாதான் நாளெல்லாம் சொல்லிக்கினு இருந்துது. அதான் நாலு குடம் ஊத்தி நல்லா தள்ளி உட்டேன்."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அன்புக்கரசி கதவுக்குப் போனார். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது: ஈரத் துணியோ தண்ணீரோ உள்ளே கூடாது என்று, ஆங்கிலத்தில். அதைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டார். "யக்கா, இத படிச்சீங்களா?"

"தமிழா இருந்தா எழுத்துக் கூட்டி படிப்பேன்."

"சார், அவங்கள ஏன் பேசறீங்க? தப்பு எம்மேல. ஒட்டுனது நானு." பென்சிலை எடுத்து, அதே தாளின் பின்பக்கத்தில் கொட்டை கொட்டையாகத் தமிழில் எழுதி மறுபடி ஒட்டினார்.

விநாயகம் குரலைத் தணித்துக்கொண்டார். "மேலதான் காஞ்சிருக்கே மேடம். ஏ.சி.ய ஃபுல்லா வச்சா பத்து மணிக்கு ஈரப்பத மீட்டர்ல நல்லாதான் காட்டும். கையெழுத்த போட்டுடுங்க. லாரி திரும்பிப் போச்சுன்னா அடுத்த தேதி ஒரு மாசம் கழிச்சுதான். பழைய பெட்டி தாங்காது."

"மீட்டருக்கு தெரியாது சார், எனக்குத் தெரியுதே. அடியில ஈரத்த வச்சிக்கினு கரண்ட் குடுத்தா, பழைய பெட்டிக்கு முன்னாடி புதுசு படுத்துடும்." உடனே போனை எடுத்தார். இயந்திரக் கம்பெனி இன்ஜினியர் விமல்ராஜ் லாரியோடு வந்துகொண்டிருந்தார். "தம்பி, பத்து மணிக்கு நான் கையெழுத்து போட மாட்டேன். ரூமுக்குள்ள தண்ணி. மதியம் போடுவேன், வந்து நில்லுங்க." லாரி மூன்று மணிக்குப் புதுச்சேரிக்குக் கிளம்பியாக வேண்டும் என்று பதில் வந்தது. "மூணுக்குள்ள போடுவேன்" என்று வைத்துவிட்டார். இருபத்திரண்டு அறைகளின் பெயர் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாற்பத்தெட்டுப் பலகைகளும் வெளியே வந்தன. வீட்டுக்குப் போகப் புறப்பட்ட செல்லம்மாளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார் அன்புக்கரசி. இரண்டு பெண்களும் முழங்காலை ஊன்றி, இரும்புக் கால்களுக்கு நடுவே முறத்தால் வாரி, பழைய படுக்கை விரிப்புகளால் ஒற்றி, பிழிந்து, மறுபடி ஒற்றினார்கள். விநாயகம் தன் வீட்டு நெல் தூற்றும் மின்விசிறியை எடுத்து வரட்டுமா என்றார். "வேணாம் சார், அதுல பத்து வருஷத்து பதரு இருக்கும்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் உட்கார்ந்திருந்த கூடத்தின் நான்கு ஸ்டாண்டு விசிறிகளையும் துடைத்துத் தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் வியர்த்துக் கொட்டினோம். ரத்தம் கொடுத்து, இட்லி தின்று, அதற்குப் பிறகும் நான் வீட்டுக்குப் போகவில்லை. போக மனம் வரவில்லை.

இரண்டு மணிக்கு மீட்டர் அறையின் ஈரப்பதம் நாற்பத்தெட்டு சதவீதம் என்று காட்டியது. ஐம்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் போதுமாம். வாசலில் லாரி நின்றது. விமல்ராஜ் தாளை நீட்டினார். "பெர்ஃபெக்ட் மேடம். சைன் பண்ணிடுங்க." அவரும் விநாயகமும் நானும் கொண்டையைப் பார்த்தோம். பேனா அங்கேயே இருந்தது.

"செல்லம்மாக்கா, செருப்ப கழட்டிட்டு கீழ எறங்குங்க. ஒரு மூல உடாம மிதிச்சிப் பாருங்க."

"நானா?" என்று கேட்டார் செல்லம்மாள்.

"பதினெட்டு வருஷமா இந்த தரைய தொடைக்கிறது யாரு? நானா?"

செல்லம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். இரும்புக் கால்களுக்கு நடுவே பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். விமல்ராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வடகிழக்கு மூலையில், கம்பிகள் போகும் தட்டுக்கு அடியில், செல்லம்மாளின் கால் நின்றது. விரல்களை மடக்கி மறுபடி ஊன்றினார். "இங்க சில்லுனு இருக்குதும்மா."

விமல்ராஜ் மீட்டரை அங்கே கொண்டுபோய் நீட்டினார். அங்கேயும் நாற்பத்தெட்டு. "ஒண்ணும் இல்லையே மேடம்."

அன்புக்கரசி குப்புறப் படுத்துத் தட்டுக்கடியில் கையை விட்டார். கை ஈரமாக வந்தது. சுவரோரச் சிமெண்டு வெடிப்பில் தண்ணீர் ஒளிந்துகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்தது. வெடிப்புக்குள் துணியைத் திணித்து உறிஞ்சி எடுத்தார்கள். நான்கு விசிறிகளும் அந்த ஒரு மூலைக்குத் திரும்பின. இரண்டரை ஆயிற்று. இரண்டே முக்கால். லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். விநாயகம் வாய்க்குள் ஏதோ சாமியை வேண்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப பாருங்கக்கா."

செல்லம்மாள் அந்த மூலையில் இரண்டு பாதத்தையும் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மெதுவாக நகர்ந்து, சுவரோரம் குதிகாலை அழுத்தினார். பிறகு நிமிர்ந்து, விநாயகத்தையோ விமல்ராஜையோ பார்க்காமல், அன்புக்கரசியை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"காஞ்சுட்டுதும்மா."

அன்புக்கரசியின் கை கொண்டைக்குப் போனது.