அம்மனுக்குக் கிடைக்காத பூ

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரி கேட்டில் காவலுக்கு இருந்தவர் அவர். ஒல்லி உடம்பு, காதை மூடும் கம்பளித் தொப்பி. மண் சரிந்த மேட்டில் கிடந்த காட்டு ஓர்க்கிட் கிழங்கை எடுத்துவந்து சட்டியில் வைத்திருந்தார். அது முதன்முதலாகப் பூத்திருந்தது. மழை பெய்தால் சட்டிக்குக் குடை பிடித்துவிட்டுத் தாம் நனைவார்.

ஆடி வெள்ளியன்று கோயிலுக்குப் போகும்போது, "அம்மனுக்கு அந்தப் பூவக் குடுங்களேன் அண்ணே" என்றேன்.

"பறிச்சா விதை கெடைக்காது தங்கச்சி. தூசி மாதிரி விதை. தாய்ச்செடி நிக்கிற மண்ணுலயே போட்டாத்தான் மொளைக்கும். அதுவும் பூக்க நாலஞ்சு வருஷமாவும்."

"அதுவரைக்கும் அம்மன்கிட்ட என்னத்தச் சொல்றது?"

"கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

கோபமாகத்தான் போனேன். ஆனால் சன்னதியில் எனக்காக எதையும் கேட்க வாய் வரவில்லை. அவருடைய விதை முளைக்கட்டும் என்றுதான் கேட்டேன். ஏனென்று இன்றைக்கும் தெரியவில்லை.