ஃப்ரீசர் பெட்டிக்காரர்

மார்கழிக் குளிர் வந்தால் எனக்கு அவர் நினைவு வந்துவிடும். இறந்தவர்களைக் கிடத்தும் ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்குக் கொண்டுவருபவர் அவர். திருமுல்லைவாயிலில் எங்கள் ஃப்ளாட்டில் அப்பா இறந்துபோன காலையில் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். காக்கிச் சட்டை, முன்பல் ஒன்று இல்லை. லிஃப்டில் பெட்டி நுழையாததால் இன்னொருவரோடு மூன்று மாடி தூக்கி வந்திருந்தார்; மூச்சு இரைத்தது.

அப்பாவை உள்ளே கிடத்தியதும் அவருடைய காதருகே குனிந்து, "ஐயா, கொஞ்சம் சில்லுனு இருக்கும். கோச்சிக்காதீங்க" என்றார். எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான் சொல்வார் என்று கூட வந்தவர் சொன்னார்.

நான் எட்டு வருடமாக ஞாயிறு தவறாமல் வேதாந்த வகுப்புக்குப் போகிறவன். சும்மா இருக்க முடியவில்லை.

"உடம்பு வெறும் சட்டைதாங்க. ஆத்மா அதைக் கழட்டிப் போட்டுட்டுப் போயிடும். அதுக்குக் குளிரும் கிடையாது, சூடும் கிடையாது. சாஸ்திரமே சொல்லுது" என்றேன். குரல் நடுங்காமல் சொன்னதில் கொஞ்சம் பெருமைகூட.

அவர் மறுத்துப் பேசவில்லை. "நீங்க படிச்சவங்க சார், கரெக்டாதான் இருக்கும்" என்றார். சுவிட்சில் விரலை வைத்தவர் போடாமல் நின்றார்.

"ஐயா ஊட்ல ஃபேன் போட்டுக்கினு தூங்குவாரா சார்?"

அப்பா மே மாதத்திலும் குல்லா போட்டுக்கொண்டுதான் தூங்குவார்.

அதை அவரிடம் சொல்லவில்லை. உள்ளே போய் பீரோவைக் குடைந்து அந்தப் பழுப்புக் குல்லாவை எடுத்துவந்தேன். அப்பாவுக்கு அதை மாட்டி முடிக்கும்வரை, சுவிட்சில் வைத்த விரலை அவர் எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.