குழி மூடிக்கு நாலு விரற்கடை தூரம்

எனக்கு வயது எண்பத்துநான்கு. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் அக்கா விட்டுப் போனவர்கள். ஏழு பேரில் ஒருவர்கூட என்னைக் கேட்காமல் கல்யாணம் செய்யவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கையெழுத்துப் போடுவேன், எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அதற்கு மேல் கை வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மூத்த மகனின் மகள் எழுதுகிறாள். நான் கதைக்கிற மாதிரி எழுதாதே, புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளில், ஒக்லாந்துக்கு வந்த புதிதில், கடைசி மகளோடும் மருமகனோடும் த்ரீ கிங்ஸில் வாடகை வீட்டில் இருந்தேன். மருமகன் ஊரில் நில அளவையாளராக இருந்தவர். இங்கே அந்தப் படிப்பு செல்லாது, திரும்பவும் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுமா? கிளென்ஃபீல்டுக்கு அப்பால் கடற்கரையோரமாக ஒரு காம்ப் இருந்தது. சனங்கள் விடுமுறைக்குக் கூடாரமும் வண்டியும் கொண்டுவந்து தங்குகிற இடம். அதற்கு ஒரு பராமரிப்பாளர் தேவை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். வேலையோடு வீடும் உண்டு. மூன்று மாதம் வைத்துப் பார்ப்பேன், சரிவந்தால் இருக்கலாம், சரிவராவிட்டால் வீட்டையும் விட வேண்டும் என்று முதலாளி சொன்னார். நாங்கள் த்ரீ கிங்ஸ் வீட்டைக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரன்களையும் சட்டி பானைகளையும் ஏற்றிக்கொண்டு போனோம். திரும்பி வர வீடு இல்லை.

அந்தக் காம்பின் பாதை சின்னக் கூடாரங்களின் காலத்தில் போட்டது. இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று புல்லில் ஏற வேண்டும். நாங்கள் போன காலத்தில் வந்ததெல்லாம் வீட்டு பஸ். வயது போன வெள்ளைக்காரர் வீட்டை விற்றுப்போட்டுப் பழைய பஸ் ஒன்றை வாங்கி, அதற்குள் கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, யன்னலுக்குத் திரை தைத்து, பூச்சட்டியும் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிலவற்றில் புகைபோக்கியும் இருந்தது. வீட்டை விற்று பஸ் வாங்குகிறவர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் யன்னல் திரையெல்லாம் நல்ல சுத்தம்.

ஒபிஸைத் தாண்டியவுடன் பாதை இடப்பக்கம் திரும்பும். இடப்பக்கத்தில், வருகிற சனம் சமைக்கிற பொதுக் குசினியின் சுவர் மூலை. வலப்பக்கத்தில் ஒரு பெரிய பொஹுதுகாவா மரம், வேர்கள் பாதைக்குள் வந்து கிடக்கும். அந்த மரத்துக்கு இங்கால், புல்லுக்குள், கக்கூசுக் குழியின் கொங்கிறீட் மூடி. மூடியின் நடுவில் வெடிப்பு. மனிதர் நடந்தால் தாங்கும். பஸ் ஏறினால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பஸ் வந்தால் மூன்று பேர் நிற்போம். ஆங்கிலம் தெரிந்தபடியால் மருமகன் முன்னால், சாரதியின் கண்ணுக்குப் படும்படி நிற்பார். நான் பின்னால் நின்று பின்சில்லு எங்கே உருளுகிறது என்று பார்ப்பேன். மகள் நடுவில். அவள் அங்கே ஏன் நின்றாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

நானும் மருமகனும் கதைப்பதில்லை. கோபம் ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டில் மாமியும் மருமகனும் முகத்துக்கு நேரே கதைக்கிற வழக்கம் இல்லை. என் அம்மா என் கணவரோடு கதவுக்குப் பின்னால் நின்றுதான் கதைத்தார், அதையும் கதவுக்குத்தான் சொன்னார். நானும் அப்படியே இருந்தேன். மருமகன் மரியாதை தெரிந்தவர், அவரும் அப்படியே இருந்தார். அவர் ஹோலுக்கு வந்தால் நான் குசினிக்குப் போவேன். த்ரீ கிங்ஸ் வீட்டில் ஹோலும் குசினியும் ஒன்றாக இருந்தபடியால் எனக்கு நிறைய நடை. சாப்பாட்டு மேசையில் நான் மகளிடம், "அவருக்கு இன்னும் சோறு வேணுமோ எண்டு கேள்" என்பேன். மேசைக்கு மற்றப் பக்கம் இருந்து அவர் மகளிடம், "வேண்டாம், காணும் எண்டு சொல்லு" என்பார். மகள் முதல் வருஷம் இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சொன்னாள். பிறகு அவள் வாய் திறப்பதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து இப்படி ஒன்பது வருஷம். ஒரு குறையும் வந்ததில்லை.

பஸ் விஷயத்தில் மட்டும் குறை வந்தது. முதல் மாதத்தில் ஒரு வெள்ளை பஸ் அந்த வளைவில் திரும்பியது. பின்சில்லு குசினி மூலையை ஒட்டி வந்ததைக் கண்டேன். "அவரை நிப்பாட்டச் சொல்லு" என்று மகளுக்குச் சொன்னேன். மகள் அவருக்குச் சொன்னாள். அவர் சாரதிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். சாரதிக்குக் காது கொஞ்சம் மந்தம், என்ன என்று கேட்டார். அதற்குள் மழைத் தண்ணீர்க் குழாய் சுவரை விட்டு நிலத்துக்கு வந்துவிட்டது. முதலாளி வந்து குழாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இன்னொரு தரம் நடந்தால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றார். மருமகன் அதை மகளுக்குச் சொன்னார், மகள் எனக்குச் சொன்னாள். முதலாளியின் முகத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

மூன்று மாதத்தின் கடைசிக் கிழமை, ஏழு நாள்கூட மிச்சமில்லை. நவம்பர் முடிகிற நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு பச்சை பஸ் வந்தது. அதுவரைக்கும் வந்ததில் அதுதான் பெரியது. கூரையில் இரண்டு சைக்கிள், பின்னால் இழுவையில் ஒரு சின்னக் கார். ஓட்டினவர் கிழவர், பக்கத்தில் மனைவி, மனைவியின் மடியில் பூனை. முதலாளி அன்றைக்கென்று வந்து, தேநீர்க் கோப்பையோடு ஒபிஸ் வாசலில் நின்றார்.

மகள் வீட்டில் இல்லை. கிளென்ஃபீல்ட் மோலில் ஒரு பேக்கரியில் அவளுக்கு வேலை, நாலு மணிக்குத்தான் முடியும். பேரன்கள் பள்ளிக்கூடத்தில். அவர்கள் இருந்தாலும் உதவி இல்லை, நான் தமிழில் சொன்னால் அவர்கள் ஆங்கிலத்தில் ஏன் என்று கேட்பார்கள்.

மருமகன் வாசல் கேற்றைப் பார்த்தார். மகள் வரவில்லை. கிழவரைக் கொண்டு சின்னக் காரைக் கழற்றி ஓரத்தில் விடச் செய்தார். திரும்பவும் கேற்றைப் பார்த்தார். பிறகு போய்த் தன் இடத்தில், குசினி மூலையில் நின்றார். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நான் போய் என் இடத்தில் நின்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழு பஸ், மகள் நிற்கிற இடம் வெறுமை.

பஸ் அசைந்தது. நான் பொஹுதுகாவா மரத்தைப் பார்த்து, "இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு அடி இருக்குது" என்றேன். கொஞ்ச நேரத்தில் மருமகன் வானத்தைப் பார்த்து, "அப்ப மெல்ல வரலாமாக்கும்" என்றார். இது நன்றாகத்தான் போனது. ஆனால் அந்தப் பழைய இயந்திரம் போட்ட சத்தத்தில் மரத்துக்கும் உரத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. முதலாளி கோப்பையைப் படியில் வைத்துவிட்டு எங்களைக் கவனிக்கத் தொடங்கினார். ஒருத்தி மரத்தோடும் ஒருவர் ஆகாயத்தோடும் கதைப்பதை அவர் என்னவென்று நினைத்தாரோ தெரியாது.

ஒரே மூச்சில் பஸ் திரும்பவில்லை. குசினி மூலைக்கு ஒரு சாண் இருக்கும்போது மருமகன் கையைக் காட்டி நிறுத்தி, பின்னுக்கு எடுக்கச் சொன்னார். அவருடைய கண் முழுக்கப் புதிதாகப் பூட்டின குழாயில். பஸ் பின்னுக்கு வந்தது. பின்சில்லு பாதையை விட்டுப் புல்லில் இறங்கியது. அது போகிற வழியில் மூடி.

நான் மரத்துக்குச் சொன்னேன், "சில்லு மூடிக்கு நேர வருது." மரத்துக்குக் கேட்டிருக்கும், அவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். பஸ் வந்துகொண்டிருந்தது.

இந்த பஸ் குழிக்குள் இறங்கினால் வேலை போய்விடும், வேலையோடு வீடும் போய்விடும், பேரன்களோடு யாராவது ஒருவருடைய ஹோலில் பாய் விரிக்க வேண்டும். அது எனக்குத் தெரிந்தது. ஆனால் அவரைக் கூப்பிட என்னிடம் ஒரு சொல் இல்லை. பெயர் சொல்ல முடியாது. மருமகன் என்பது மற்றவர்களுக்குச் சொல்கிற சொல், ஆளைக் கூப்பிட உதவாது. ஒன்பது வருஷத்தில் ஒரு சொல் தேடி வைத்திருக்கலாம், தேவை வரவில்லை. நான் தேடி முடியும்வரைக்கும் சில்லு நிற்காது.

"தம்பி, நிப்பாட்டுங்கோ."

அவர் இரண்டு கையாலும் பஸ்ஸின் முகத்தில் அடித்தார். பஸ் நின்றது.

நான் குனிந்து, சில்லின் ரயருக்கும் மூடிக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தேன். நாலு விரல். பெருவிரல் அதில் சேரவில்லை.

மருமகன் பின்னால் ஓடி வந்தார். மூடியைப் பார்த்தார், ரயரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இடது புருவத்துக்குக் கீழே அவருக்கு ஒரு மச்சம் இருக்கிறது. ஒன்பது வருஷம் சமைத்துப் போட்டும் எனக்கு அது தெரியாது.

"மாமி," என்றார். வேரைக் காட்டி, "இப்ப முன்னுக்கு எடுத்தால் வேரில ஏறுமோ?"

"ஏறட்டும், வேருக்கு ஒண்டும் நடக்காது. முதல்ல வலப்பக்கம் முழுக்கத் திருப்பி வெட்டி வரச் சொல்லுங்கோ. பின்சில்லு குசினி மூலையை விட்டு எட்டவா இருந்தால் நான் சொல்லுறன், பிறகு இடப்பக்கம் வெட்டட்டும்."

"சொல்லுவீங்களோ?"

"சொல்லுவன்."

சொன்னேன். முன்னுக்கு ஒரு தரம், பின்னுக்கு ஒரு தரம், இப்படி ஐந்தாறு தரம் எடுத்தார்கள். "காணும் தம்பி." "இன்னும் கொஞ்சம், மாமி?" "ஓம், விடுங்கோ." "மாமி, மூடி?" "மூடியை நான் பாக்கிறன், நீங்கள் குழாயைப் பாருங்கோ." கிழவர் பொறுமையான மனிதர், சொன்னபடி வெட்டினார். பஸ் வேரில் ஏறி, ஒரு பக்கம் சரிந்து, இறங்கி, வளைவைத் தாண்டிக் கடற்பக்கத்து இடத்தில் போய் நின்றது. பஸ்ஸுக்குள் ஒரு பூச்சட்டி விழுந்ததாம். பூனை எழும்பவில்லை.

முதலாளி நடந்து வந்தார். மூடிக்குப் பக்கத்தில் புல்லில் கிடந்த ரயர்த் தடத்தைக் காலால் தடவிப் பார்த்தார். மருமகனிடம் ஏதோ கேட்டார். மருமகன் பதில் சொன்னார். முதலாளி தலையை ஆட்டிக்கொண்டு திரும்பவும் ஏதோ சொன்னார். நான் மகள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"இவ்வளவு நேரமும் மரத்தோட கதைச்சவ ஏன் கடைசியில உன்னோட கதைச்சவ எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்ர மாமி எண்டு சொன்னன்."

"அதுக்கு?"

"தனக்கும் ஒரு மாமி இருக்கிறாவாம்."

முதலாளி கோப்பையை எடுத்துக்கொண்டு போகும்போது, கிறிஸ்மஸுக்கு இன்னும் பெரிய பஸ்கள் வரும், அதற்கு முன்னம் மூடியைப் புதிதாகப் போட ஆள் பிடி என்று மருமகனுக்குச் சொல்லிவிட்டுப் போனார். வேலை நிலைத்துவிட்டது என்பது அப்படித்தான் தெரிந்தது. அடுத்த கிழமை அனுப்பப் போகிற ஆளிடம் கிறிஸ்மஸ் வேலை சொல்ல மாட்டார்கள். மருமகன் அந்த இடத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய்த் தேநீர் போட்டேன். கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் இருந்த மதிலில் வைத்துவிட்டுப் போனேன். கையில் கொடுக்கவில்லை.

அன்று பின்னேரம் மகள் வந்தாள், சாப்பிட இருந்தோம். "அவருக்குக் கீரை வேணுமோ எண்டு கேள்" என்றேன். "கொஞ்சம் போடட்டும் எண்டு சொல்லு" என்றார். பச்சை பஸ் எப்படி உள்ளே வந்தது என்று மகள் கேட்டாள். "மெல்ல மெல்ல வந்தது" என்றார் அவர். "ஓம், மெல்ல வந்தது" என்றேன் நான். இப்படிச் சொல்வதென்று நாங்கள் பேசி வைக்கவில்லை.

அங்கே ஐந்து கோடை இருந்தோம். வீட்டுக்குள் பழைய வழக்கம், பஸ்ஸுக்குப் பக்கத்தில் புது வழக்கம். எந்த பஸ்ஸும் எதிலும் முட்டவில்லை. பஸ் வராத நாட்களிலும் சில வேளை நான் உடுப்புக் காயப்போடுகிற இடத்துக்கு அவர் வருவார். சனிக்கிழமை நீளமான பஸ் ஒன்று வருது மாமி, அதை எந்தப் பக்கத்தால் கொண்டுபோவம் என்று கேட்பார். நான் யோசித்துச் சொல்வேன். சனிக்கிழமை ஒன்றும் வராது. நானும் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. வராத பஸ்ஸை இரண்டு பேருமாக நிறையத் திருப்பியிருக்கிறோம்.

பிறகு அவர் பரீட்சை பாஸ் பண்ணி, அளவை வேலை கிடைத்து, பாட்டனி டவுன்ஸில் வீடு வாங்கினார்கள். நேரான வாசல், அகலமான வாசல், கண்ணை மூடிக்கொண்டு கார் விடலாம். இருந்தாலும் காலையில் அவர் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது நான் வெளியே வந்து நிற்பேன். அவர் யன்னலை இறக்கி, "மாமி, வரலாமோ?" என்பார். நான் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "வாங்கோ தம்பி" என்பேன். இன்றைக்குக் காலையிலும் சொன்னேன்.

இவ்வளவுதான். பிள்ளை, பேனையை வைத்துப்போட்டு எனக்கு முதலில் இருந்து வாசி. மூடிக்குப் பக்கத்தில் நான் கத்தினேன் என்று எழுதியிருந்தால் அதை அழித்துவிடு. நான் கத்தவில்லை, கூப்பிட்டேன். வாசி.