மிஞ்சிய கை

இலத்தூரில் என் மகளுக்கு இரண்டாம் வகுப்பு எடுத்த டீச்சர் ஒல்லியாக, உயரமாக இருப்பார். இரட்டை எண்ணைப் போர்டில் எழுதிச் சொல்லித்தர மாட்டார். பிள்ளைகளை எழுப்பி ஜோடி ஜோடியாகக் கைகோக்கச் சொல்வார். வகுப்பில் ஒன்பது பேர். கடைசியில் மிஞ்சுகிற குட்டிப் பெண் ஓடிப்போய் டீச்சரின் வலது கையைப் பிடித்துக்கொள்வாள். "இப்பம் பத்து, இரட்டை எண்!" என்று எல்லாரும் கத்துவார்கள்.

சாரல் காலத்தில் வந்த காய்ச்சலில் அந்தப் பெண் இறந்துபோனாள்.

அடுத்த வாரம் மகளை விடப்போனவன் வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டேன். பிள்ளைகள் வழக்கம்போலக் கைகோத்தார்கள்.

"டீச்சர், இப்பம் எட்டு. யாரும் மிஞ்சல. நீங்க வரண்டாம்," என்றாள் என் மகள், கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில்.

"கரெக்டுதாம்ட்டி," என்றார் டீச்சர். பழக்கத்தில் நீட்டிவிட்ட வலது கையை மடக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.