கணபதி அங்கப்பனின் லேத்

அங்கப்பனுக்குக் கோபம் மூக்கு நுனியில். கணபதி பகுதியில் இரும்பு கடையும் லேத் இரண்டு வைத்துப் பட்டறை நடத்தியவர். 1997 கடைசியில் மதக் கலவரத்தில் ஊர் பற்றி எரிந்தபோது போலீஸ் அமைத்த அமைதிக் குழுவில் அவரும் சேர்ந்தார். சமாதானம் பேச இந்த ஆள்தானா கிடைத்தார் என்று தெருவே சிரித்தது. கடை கொளுத்த வந்த இரண்டு பேரை அவர் இரும்புக் கம்பியால் அடித்து விரட்டிய பிறகு சிரிப்பு நின்றது.

அடுத்த வாரம் இப்ராகிமின் பஞ்சர் கடையில் குழாய்க் குண்டு வெடித்தது. இருபது வருஷமாக அங்கப்பனின் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்ட வலது கை மணிக்கட்டோடு போனது. சதை தொங்கிய கையை வேட்டியைக் கிழித்துக் கட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அங்கப்பன்தான்.

மறுநாள் குழுக் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் வெடித்த குழாயின் துண்டை மேசையில் வைத்து, எந்தப் பட்டறை வேலை என்று கேட்டார். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அங்கப்பன் கையில் எடுத்துப் பார்த்தார். விளிம்பருகே நகம் பதிந்த மாதிரி ஒரு பள்ளம். அவருடைய லேத் ஒன்றில் குழாயைக் கவ்விப் பிடிக்கும் தாடை ஒன்றின் முனை உடைந்திருந்தது. அதில் மாட்டிக் கடைந்த எல்லாவற்றிலும் இந்த வடு விழும். மாற்றவேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டறைச் சாவி அவரிடமும் தம்பி சுரேந்தரிடமும்தான் உண்டு. துண்டைத் திரும்ப மேசையில் வைத்தார். தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

பட்டறையில் தம்பியின் சட்டையைப் பிடித்துக் கேட்டார். சுரேந்தர் மறைக்கவில்லை.

“நம்ம சனத்துக்காகத்தானுங்ணா செஞ்சேன். இன்னும் ஆறு குடுத்துப்போட்டேன். வெள்ளிக்கெழமை வெடிக்கறதுக்குங்க.”

அங்கப்பன் ஸ்பேனரால் அடித்தார். தம்பியின் மண்டை பிளந்தது. அவன் திருப்பி அடித்ததில் அண்ணனுக்கு இரண்டு பல் போனது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே வெளியே வந்து ஷட்டரை இழுத்துப் பூட்டினார். தாயில்லாத பிள்ளை என்று தோளில் போட்டு வளர்த்தவன் உள்ளேயிருந்து உதைத்துக்கொண்டிருந்தான். அங்கப்பன் அழுதுகொண்டேதான் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

“என்ற லேத்துல கடைஞ்சதுங்க. செஞ்சவன் என்ற தம்பி. உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டு வாரேன்.”

வியாழக்கிழமைக்குள் ஆறு குண்டும் பிடிபட்டன. சுரேந்தரின் மனைவி ராமாத்தாள் நடுத்தெருவில் நின்று அங்கப்பன்மேல் மண்ணை வாரித் தூற்றினாள். சால்வை போர்த்த வந்த குழுவை அவர் வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினார்.

பிறகு கஞ்சி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இப்ராகிமைப் பார்க்கப் போனார். யாரென்று தெரிந்ததா என்று இப்ராகிம் கேட்டார்.

“எங்கூட்லதானுங்க, பாய். சுரேந்தரு.”

இப்ராகிம் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அங்கப்பன் கஞ்சி இருந்த தூக்குப் போசியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கஞ்சி ஆறிப்போன பிறகும் இப்ராகிம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.